கால் கிலோ மின்ஸ், ஏழு பேர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சமையல்காரன் இல்லை. கொழும்பில் ஆபீஸ் வேலை பார்க்கும், ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன். மருதானையில் நாங்கள் வளர்ந்த வீட்டில் உம்மா கால் கிலோ இறைச்சியில் ஏழு பேருக்கு ஆக்கிய அதே மின்ஸ் கறியை வாரத்தில் ஒரு நாளாவது சோற்றுப் பெட்டியில் கொண்டுபோவேன். மூடியைத் திறந்தால் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கேள்வி வரும். இரவில் கனடாவிலிருந்து ராத்தாவின் (அக்காவின்) மகள் வாட்ஸ்அப்பில் அதே கேள்வியைக் கேட்பாள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இதை எழுதி வைக்கிறேன்.

மின்ஸ், கைமா, கொத்துக்கறி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். பொடியாகக் கொத்திய அல்லது மெசினில் அரைத்த இறைச்சி. கைமா என்பது உருது வழியாக வந்த பேர், கொத்துக்கறி தமிழ்நாட்டார் சொல்வது, கொழும்புக் கடையில் மின்ஸ் என்றால்தான் சட்டென்று விளங்கும். கொத்து ரொட்டியோடு இதைக் குழப்பவேண்டாம். அங்கே கொத்துவது ரொட்டியை.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் வெறுமனே இறைச்சி என்றால் மாட்டிறைச்சி. வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பன் வீட்டில் அதே சொல்லுக்கு ஆட்டிறைச்சி என்று அர்த்தம். இந்தப் பக்கம் முழுக்க நான் இறைச்சி என்று எழுதினால் அது மாடு.

கடையில் போய் என்னவென்று சொல்லிக் கேட்பது? அரைத்து வைத்திருப்பதை வாங்கலாமா?

அரைத்துக் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று அரைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். முன்தோள் அல்லது கழுத்துப் பக்கத்தில் ஒரு துண்டைக் காட்டி, "நானா (அண்ணன்), இதை முன்னாலேயே போட்டுத் தாங்க" என்று சொல்லுங்கள். விலையான பின்தொடை இறைச்சி இதற்குத் தேவையில்லை. கடினமான, மலிவான பகுதிக்குத்தான் சுவை அதிகம். மெசின் அதன் நரம்பை அறுத்துவிடுவதால் மெல்லுகிற கஷ்டம் நமக்கு இல்லை. ஊர் மாட்டில் கொழுப்புக் குறைவு, அதனால் கொஞ்சம் கொழுப்பையும் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கறிக்கு ஒரு தடவை அரைத்தால் போதும், கட்லட்டுக்கு இரண்டு தடவை.

போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக்கடை திறக்காது, சூப்பர்மார்க்கட்டிலும் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். மாதா மாதம் யாராவது ஒருவர் அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறார், அதனால்தான் சொல்கிறேன்.

கால் கிலோவில் ஏழு பேர் சாப்பிட்டோம் என்று கதை விடுகிறீர்களா?

கதை இல்லை. உம்மம்மா, வாப்பா, உம்மா, நானா, ராத்தா, நான், தம்பி. ஏழு பேர். 250 கிராமை ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 36 கிராம் கூட வராது, ஒரு தீப்பெட்டி அளவு. வாப்பா புறக்கோட்டையில் கடிகாரம் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். மாதக் கடைசி வாரத்தில் அவர் சைக்கிளில் தொங்கும் பையின் கனத்தைப் பார்த்தே இன்றைக்கு என்ன சமையல் என்று நானா சொல்லிவிடுவான். கையளவு பொட்டலம் என்றால் மின்ஸ்.

உம்மா செய்தது இதுதான். இரண்டு பெரிய வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்குவார். ரம்பை (ஒரு வாசனை இலை), கறிவேப்பிலை, ஒரு துண்டுக் கறுவா (பட்டை), இஞ்சி பூண்டு போட்ட பிறகு இறைச்சி. அது வறண்டு வந்ததும் மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி கறித்தூள், அதில் பாதி கொச்சிக்காய்த்தூள் (மிளகாய்த்தூள்), ஒரு தக்காளி. அப்புறம் மூன்று உருளைக்கிழங்கை நிலக்கடலை அளவுக்குச் சின்னச் சின்னதாக வெட்டிப் போடுவார், கூடவே கழுவிய மைசூர்ப் பருப்பு ஒரு கைப்பிடி. இரண்டாம் தேங்காய்ப்பால் ஒரு கோப்பையை ஊற்றி மூடிவிடுவார். பருப்பு கரைந்து குழம்பு தடிக்கும், கிழங்கு இறைச்சிக் கொழுப்பைக் குடிக்கும். வெளியே வரும்போது எது கிழங்கு எது இறைச்சி என்று கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் "எறச்சியக் கண்ணால தேடாதீங்க, வாயால தேடுங்க" என்பார்.

சாப்பிடுவது பாணோடு (பிரெட்). இரண்டு இறாத்தல் பாண், நடுவில் சட்டி. கிழங்கு போட்டு ஏமாற்றினார் என்று அப்போது நினைத்தேன். இப்போது நான் செய்யும்போதும் அதே மூன்று கிழங்கு. கிழங்கும் பருப்பும் இல்லாமல் அது வேறொரு கறி, அதற்கு வேறு பேர் வைத்துக்கொள்ளலாம்.

வறுக்கும்போது தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஆகிறது. என்ன பிழை?

முதல் சந்தேகம், அரைத்த இறைச்சியைக் கழுவினீர்களா? நம் ஆட்களுக்கு இறைச்சியைக் கழுவாமல் சமைத்தால் மனது கேட்காது. அரைத்த பிறகு கழுவினால் அது பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சாறெல்லாம் சிங்க்கில் ஓடும். கிருமியைச் சாகடிப்பது சூடுதான். குழாயடியில் அலசும்போது அது சுற்றியுள்ள பாத்திரத்தில் தெறிக்கும், அவ்வளவுதான் பலன். கட்டாயம் கழுவியே ஆகவேண்டும் என்றால் முழுத் துண்டாக வாங்கிக் கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சட்டி சிறியது, இறைச்சி குளிர், நெருப்புக் குறைவு. தண்ணீர் சட்டியில் நிற்கும்வரை சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணக்க வேண்டுமென்றால் அதற்கு மேலே, ஏறக்குறைய 140 பாகைக்குப் போகவேண்டும். அகலமான சட்டியைக் காய வைத்து, இறைச்சியைப் பரப்பி, இரண்டு நிமிஷம் கையை வைக்காமல் விடுங்கள். பலருக்கு இந்த இரண்டு நிமிஷம்தான் முடிவதில்லை, கரண்டியை வைத்துக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அடியில் 'சர்' என்ற சத்தம் 'பட பட' என்று மாறினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது புரட்டுங்கள்.

மெசின் நல்லதா, கத்தியால் கொத்துவது நல்லதா?

கறிக்குக் கத்தி. உம்மம்மா புளியமரக் கட்டையில் இரண்டு கத்தியை வைத்துக் கொத்துவார், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்காரர்களுக்கு எங்கள் மெனு சத்தத்திலேயே தெரிந்துவிடும். கத்தியால் கொத்தினால் துண்டு ஒரே அளவாக இருக்காது, ஒன்று சின்னது ஒன்று பெரியது, மெல்லும்போது அதுதான் சுகம். மேசை விளிம்பில் முறுக்கிப் பூட்டும் இரும்பு மெசின் ஒன்றும் பிறகு வந்தது, கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. பிளெண்டரில் போடாதீர்கள். அது பசையாகிவிடும்.

ஊர் இறைச்சி மின்ஸ் பண்ணினாலும் ரப்பர் மாதிரி இருக்கிறது, வேகுமா வேகாதா?

வேகும், நேரம் கொடுங்கள். யூடியூபில் பத்து நிமிஷத்தில் இறக்குகிறார்கள் என்றால் அது இளங்கன்று, கொழுப்பான மாடு. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நன்றாக நடந்து திரிந்த மாடு. வறுத்த பிறகு மூடி போட்டுச் சிறு நெருப்பில் அரை மணி நேரம் விடுங்கள். கிழங்கை அதற்குப் பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் கரைந்துபோகும். அவசரம் என்றால் பிரஷர் குக்கரில் இரண்டு விசில். பச்சைப் பப்பாசிக்காயை அரைத்து ஒரு தேக்கரண்டி பிசறி வைப்பவர்களும் உண்டு, அதிலுள்ள பப்பெயின் இறைச்சியின் புரதத்தை உடைக்கும். மின்ஸுக்கு அது அதிகப்படி, கால் மணி நேரத்துக்கு மேல் விட்டால் மாவாகிவிடும்.

குர்பான் இறைச்சியை அன்றைக்கே மின்ஸ் பண்ணலாமா?

ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பான் இறைச்சி வந்த சூட்டோடு அரைக்கத் தோன்றும். ஒரு நாள் பிரிட்ஜில் விடுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், ஒரு நாள் கழிந்தால் தளரத் தொடங்கும்.

கட்லட் எண்ணெயில் போட்டதும் வெடித்துப் பிரிகிறது. முட்டையைக் கூட்டினாலும் சரிவரவில்லை.

முட்டை பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. மேலே தண்ணீர் விடும் இறைச்சிக்குச் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும். மின்ஸை முழுக்க வறட்டி ஆறவைக்கவேண்டும். கிழங்கைத் தோலோடு முழுதாக அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும். சூட்டோடு தோலை உரித்து மசித்து, ஆவி போகத் திறந்து வையுங்கள். பிசைந்து உருட்டி அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்த பிறகுதான் முட்டை, பாண் தூள். எண்ணெயில் ஒரு சிட்டிகை பாண் தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வரவேண்டும். ஒரே தடவையில் பத்தைப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும், நான்கு போதும்.

பாண் தூள் கடையில் வாங்குவதா என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் வாங்கியதே இல்லை. பழைய பாணின் விளிம்பைத் தகரத்தில் வெயிலில் காயவைத்து, போத்தலை உருட்டி நொறுக்குவோம். நோன்புக்கு இரண்டு வாரம் முன்பே மொட்டை மாடியில் அந்தத் தகரம் வந்துவிடும், காகத்தை விரட்ட தம்பிக்கு ஐம்பது சதம் சம்பளம்.

லம்பிரைசில் வருகிற உருண்டை கட்லட் தானே?

இல்லை, அது பிரிக்கடெல். பறங்கியர் (ஐரோப்பிய வழி வந்த இலங்கையர்) வீட்டுச் சாப்பாடு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்து 1796 வரை வைத்திருந்தார்கள், அவர்களுடைய சொல் இது. கட்லட்டில் கிழங்குதான் உடம்பு, இறைச்சி அதற்குள் இருக்கும். பிரிக்கடெல்லில் இறைச்சிதான் உடம்பு, ஊறவைத்துப் பிழிந்த பாண் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். லம்பிரைசுக்கு வாழையிலையில் சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல் எல்லாம் பொதிந்து ஓவனில் வைக்கும்போது இந்தச் சின்ன உருண்டையும் உள்ளே போகும்.

மலிவான சாப்பாட்டுக் கணக்கில் பிரிக்கடெல் வராது. ஆனால் அந்தப் பாண் ஊறவைக்கும் வித்தையை நான் திருடிக்கொண்டேன். கிழங்கு விலை ஏறிய மாதங்களில் கட்லட்டில் பாதிக் கிழங்கு, பாதி பாண். யாரும் கண்டுபிடிக்கவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

நோன்புக் கஞ்சிக்கு மின்ஸை எப்போது போடுவது?

முதலிலேயே. ரம்பை, பூண்டு, இஞ்சி, கறுவாவோடு இறைச்சியை வறுத்து, அதன் மேல்தான் அரிசியும் தண்ணீரும். தேங்காய்ப்பால் கடைசியில். ஒரு பெரிய பானைக்கு 100 கிராம் போதும், வாசத்துக்குத்தான். அஸர் (பின்னேரத் தொழுகை) முடிந்த பிறகு பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற நாட்களில், அகப்பை அடியிலிருந்து வருகிறதா மேலிருந்து வருகிறதா என்பதே எங்கள் கவலை. மின்ஸ் அடியில் தங்கும். வரிசையில் கடைசியாக நிற்பது புத்திசாலித்தனம் என்று நானா கண்டுபிடித்தான். ஒரு நாள் அவன் முறை வருவதற்குள் கஞ்சி முடிந்தது.

வாங்கி இரண்டு நாளாச்சு, வெளியே சிவப்பு, உள்ளே பழுப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

நிறத்தை மட்டும் பார்த்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். இறைச்சியில் உள்ள மயோகுளோபின் காற்றுப் பட்டால் சிவக்கும், உள்ளே ஒட்சிசன் போகாத இடம் மங்கலாகத்தான் இருக்கும். மூக்கையும் விரலையும் நம்புங்கள். புளித்த வாடை, விரலில் பிசுபிசுப்பு இருந்தால் எறியுங்கள்.

ஆனால் இரண்டு நாள் என்பது எல்லை. முழுத் துண்டில் கிருமி மேல்பரப்பில் இருக்கும், அரைத்தால் அது உள்ளே எல்லாம் கலந்துவிடும், அதனால் மின்ஸ் சீக்கிரம் கெடும். 4 பாகைக்குக் கீழே ஒன்று இரண்டு நாள், பிரீசரில் மூன்று நான்கு மாதம். பொட்டலத்தை உருண்டையாக வைக்காமல் பொலித்தீனில் தட்டையாகத் தட்டி வையுங்கள், சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், வேண்டிய அளவை முறித்தும் எடுக்கலாம். கரண்ட் போனால் திறக்காத பிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது எங்கள் மாடியில் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் இறைச்சிக் கறி மணந்தது, காரணம் பெருநாள் இல்லை.

நடுவில் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா? ஹோட்டலில் அப்படித்தானே தருகிறார்கள்?

ஸ்டேக் வேறு. அதில் கிருமி வெளியே, நெருப்பும் வெளியே. மின்ஸில் அது உள்ளே போய்விட்டது என்று மேலே சொன்னேன். 71 பாகைச் சூடு உள்ளே போகவேண்டும். நம் கறியும் கட்லட்டும் எப்படியும் அதைத் தாண்டிவிடும், கவனம் வேண்டியது வீட்டில் பர்கர் தட்டுகிறவர்களுக்கு.

மாடு சாப்பிடாத கூட்டாளிமார் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

சோயாமீட். வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்து, இன்னொரு தடவை அலசிப் பிழிந்து (அந்த மாவு வாடை அப்போதுதான் போகும்) கத்தியால் கொத்தி, ஏழு பேர் கேள்வியில் சொன்ன அதே முறை. எண்ணெய் கொஞ்சம் கூட ஊற்றவேண்டும், சோயாவுக்குக் கொழுப்பு இல்லை. சட்டியும் கரண்டியும் வேறு. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், சைவம். உம்மா அவருக்கென்றே ஒரு சின்னச் சட்டி வைத்திருந்தார், அது எங்கள் சமையலறையில் தொங்காது, அவருடைய வீட்டில்தான் இருக்கும். தேவைப்பட்டால் நான் போய் வாங்கிவருவேன்.

தெரியாமல் கொஞ்சம் கலந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் நான் இனிமேல் தேத்தண்ணி கூடக் குடிக்கப்போவதில்லை.

மலிவு மலிவு என்கிறீர்களே, இப்போது இறைச்சி விலை தெரியுமா?

தெரியும், நான்தானே வாங்குகிறேன். எங்கள் காலத்துக் கால் கிலோ இன்றைக்கு 150 கிராமாகிவிட்டது. மீதி 100 கிராம் இடத்துக்கு ஊறவைத்துப் பிழிந்த சோயாவைக் கலக்கிறேன், இறைச்சியை முதலில் வறுத்து, அந்தக் கொழுப்பில் சோயாவைப் போட்டால் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பருப்பைக் கூட்டலாம், கோவாவை (முட்டைக்கோஸை) பொடியாக வெட்டிப் போடலாம். கிழங்கைக் கூட்டாதீர்கள், நான்காவது கிழங்கு விழுந்தால் அது கிழங்குக் கறி. நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

பசியில் சாப்பிட்டதால்தான் அந்த ருசி. சும்மா அந்தக் காலப் பெருமை பேசாதீர்கள். உண்மைதானே?

பாதி உண்மை. பள்ளிக்கூடம் விட்டு, மருதானை வெயிலில் நடந்து வந்து, மூன்று மணிக்குச் சாப்பிட்டால் வெறும் பாணும் சம்பலும் கூடப் பிரியாணிதான். மண்ணெண்ணெய்த் திரி அடுப்பின் மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காகக் கிடந்ததும் ஒரு காரணம், காஸ் அடுப்பில் நமக்கு அந்தப் பொறுமை இல்லை.

மற்றப் பாதிக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். வேலை கிடைத்து முதல் போனஸ் வந்த மாதம், வீம்புக்கு ஒரு கிலோ வாங்கி, கிழங்கும் பருப்பும் இல்லாமல் முழு இறைச்சியாக நானே ஆக்கி உம்மா முன்னால் வைத்தேன். பசி இல்லாத, வயிறு நிறைந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாய் பாணைத் தோய்த்து மென்றுகொண்டே சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "கெழங்கு எங்க மகன்?" என்று கேட்டார். எழுந்து போய் மூன்று கிழங்கை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார்.